செக் இன்ஜின் லைட் எரிந்தால் என்ன செய்வது: குமரி மாவட்டக் கார்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஜூலை மாத மழையில் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தேன். வில்லுக்குறி தாண்டும்போது மீட்டரில் அந்த மஞ்சள் லைட் எரிந்தது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டார்கள், பி0135 (P0135) என்று ஒரு கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண் (code), வந்தது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் அதே லைட், அதே கோடு.

அப்புறம் எங்கள் ஊரில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தபடி, “மக்களே, மொதல்ல வயரப் பாத்தியா?” என்று கேட்டார். சென்சார் கப்ளரிலிருந்து (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு) நான்கு விரல் தள்ளி, வண்டிப் பக்கம் வரும் வயரில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. இரண்டே இரண்டு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பல்தடம் தெளிவாக இருந்தது. கீழே இன்ஜின் ஓரத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சவுரி, கடித்துப் போட்ட கொல்லாங்கொட்டை ஓடு. எலி.

பி0135 என்பது சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்கிற கோடு. அந்தச் சர்க்யூட்டில் சென்சார் இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, இரண்டு முழ வயரும் இருக்கிறது. எதைப் பிடித்துத் தேட வேண்டும் என்பதைத்தான் கோடு சொல்லும். எதை மாற்ற வேண்டும் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உப்புக்காற்றும் இரண்டு மழைக்காலமும் தோப்பு எலியும் உள்ள நம் மாவட்டத்தில், பாகத்தை மாற்றும் முன் வயரையும் கப்ளரையும் பார்ப்பது பல நேரம் பெரிய செலவைத் தவிர்க்கும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ஒரு நிமிடம்

லைட் எரிந்ததும் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் அது செக் இன்ஜின் லைட் இல்லை, அதைவிட அவசரமான வேறொன்று. எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்புப் படம் ஆயில் பிரஷர் இல்லை என்று சொல்கிறது. ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் இன்ஜினையே இறக்கிப் பிரிக்கும்படி ஆகிவிடும். தெர்மாமீட்டர் படம் சிவப்பாக வந்தால் இன்ஜின் கொதிக்கிறது. அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மஞ்சளாக, இன்ஜின் வடிவத்தில், நிலையாக எரிகிறது, வண்டியும் வழக்கம்போல ஓடுகிறது என்றால் பதற வேண்டாம். போக வேண்டிய இடத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் புதிதாக இன்னொரு கோளாறு வந்தாலும் தெரியாது, ஏனென்றால் லைட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது.

அதே மஞ்சள் லைட் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது, நம் மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்களே, அது. அந்த எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கிறது, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். அளவுக்கு மீறிய சூட்டில் அந்தப் பீங்கான் உருகிவிடும். ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒன்றோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். மின்னும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மின்னுவது நின்றால் மெதுவாக, ஏற்றமும் ஓவர்டேக்கும் இல்லாமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். நிற்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். மார்த்தாண்டம் மேம்பாலத்திலோ பார்வதிபுரம் மேம்பாலத்திலோ இருந்தால், ஓட முடிகிற வரை மெதுவாக ஓட்டி இறங்கிய பிறகே ஒதுங்குங்கள். குலசேகரம், திருவட்டாறு, கடையால் பக்கம் என்றால் இன்னொன்று: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும் காலம். சாலையோரம் காய்ந்த இலை மெத்தை போலக் கிடக்கும். மிஸ்ஸிங் அடித்த வண்டியின் கன்வெர்டர் கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்த இலை மேல் நிறுத்தினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. வெறும் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள்.

கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள்

ஸ்கேனரைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா? ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பானெட்டைத் திறந்து பிரஷரில் தண்ணீர் அடித்துவிட்டு, பூஜையன்று காலையில் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று வருகிற வண்டிகள் நிறைய. பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது ஏதாவது கப்ளருக்குள் இறங்கியிருக்கும். அதற்காகப் புதுக் காயில் வாங்க வேண்டாம். காற்று அடித்து உலர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சமீபத்தில் ஏர் ஃபில்டர் மாற்றினீர்களா, வேறு வேலை ஏதும் பார்த்தீர்களா? ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாக மாட்டாமல் இருக்கலாம், கழற்றிய கப்ளரை மறந்திருக்கலாம். மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டினீர்களா? (தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.) பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டருக்குள் எரிந்ததா? எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் கோளாறு சீக்கிரம் தெரியும். அந்தச் சந்தேகம் இருந்தால் பங்க் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அமெரிக்கக் கார்களில் டேங்க் ஆவிக் கசிவைக் கண்காணிக்கும் ஏற்பாடு கட்டாயம், அதனால் அங்கே அது சரியான யோசனை. நம் நாட்டு விதிகள் ஐரோப்பிய முறையை ஒட்டியவை, பெரும்பாலான கார்களில் அந்தச் சோதனை இல்லை. மூடியை இறுக்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கோடு எடுப்பது எப்படி

வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஓபிடி என்று பெயர். இந்தியாவில் கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆகவே 2013-க்குப் பிறகு வந்த காரில் பதினாறு பின் உள்ள சாக்கெட் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, ஃபியூஸ் பெட்டியை ஒட்டித் தேடுங்கள். கையால் தடவினால் கிடைக்கும், சில வண்டிகளில் சின்ன மூடி போட்டிருக்கும்.

இஎல்எம் 327 வகை புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே ஆன்லைனில் கிடைக்கிறது. இன்ஜின் அணைந்திருக்கும்போது அதைச் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் புளூடூத் இணைத்து, டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஆப்பில் கோடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. வந்ததை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதோடு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோடு பதிவான நொடியில் வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு என்று அதில் பதிந்திருக்கும். இது தங்கம். பேச்சிப்பாறை ஏற்றத்தில் வந்த கோளாறா, காலையில் குளிர்ந்த இன்ஜினில் வந்ததா என்று அதுதான் சொல்லும். கோடை அழித்தால் இதுவும் அழிந்துவிடும். ஆகவே முதலில் படம், பிறகு மற்றதெல்லாம்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் எப்போதும் பேட்டரி கரன்ட் இருக்கும், செருகியே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரி இறங்கும்.

கோடின் முதல் எழுத்து பி (P) என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியது. மூன்றாவதாக வரும் எண்தான் திசை காட்டும்: 1-ம் 2-ம் பெட்ரோல், காற்று, 3 ஸ்பார்க், 4 புகை சம்பந்தப்பட்ட பாகங்கள்.

பாகத்தை வாங்கும் முன் கண்ணால் பாருங்கள்

இன்ஜின் ஆறியபின், பகல் வெளிச்சத்திலும்கூட ஒரு டார்ச்சோடு, பானெட்டைத் திறங்கள்.

முதலில் எலி. தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம், விறகுப்புரை பக்கத்தில் வண்டி நிற்கிறதென்றால் இதுதான் முதல் சந்தேகம். புழுக்கை, சவுரி, கொட்டை ஓடு, இன்சுலேஷன் பஞ்சு ஏதாவது கிடக்கிறதா என்று பேட்டரி தட்டின் கீழும் இன்ஜின் மேல்மூடியின் கீழும் பாருங்கள். கோடு சொன்ன பாகத்தின் கப்ளரிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத கடி விரலுக்குத் தெரியும். கடிபட்ட வயரை வெறும் டேப் சுற்றி மூடினால் அடுத்த மழையில் திரும்ப வரும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். ஆக்சிஜன் சென்சாரோடு சேர்ந்து வரும் வயருக்கு மட்டும் சால்டர் வேண்டாம். அந்த வயரின் இழைகள் வழியாகத்தான் பல சென்சார்கள் வெளிக்காற்றை இழுத்து ஒப்பிடுகின்றன, ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். அங்கே நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் ஜாயின்ட்தான் சரி.

அடுத்தது உப்பு. கன்னியாகுமரி, மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கரையோரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது நிச்சயம் வரும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் கப்ளரின் பூட்டை அழுத்திப் பிரித்து உள்ளே பாருங்கள். பின்கள் களிம்பில்லாமல் மினுங்க வேண்டும். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் சென்சார் நல்லதாக இருந்தாலும் அதன் சிக்னல் தப்பாகத்தான் போகும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, உலரவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாளைப் போட்டுச் சுரண்டாதீர்கள், பூச்சு போய்விட்டால் இன்னும் வேகமாகக் களிம்பு பிடிக்கும். கப்ளரின் ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டுங்கள். எர்த் சரியில்லாத வண்டியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து கோடு ஒரே நேரத்தில் வரும்.

நான்கைந்து கோடு சேர்ந்து வருவதற்கு இன்னொரு காரணம் பேட்டரி. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வருகிறவர்கள், ஷெட்டில் ஆறேழு மாதம் கிடந்த காரை ஸ்டார்ட் அடித்ததும் மீட்டர் முழுக்க லைட் எரிவதைப் பார்த்திருப்பார்கள். மல்டிமீட்டரில் இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.4-க்கு மேலும், ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட்டும் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் முதலில் பேட்டரியைச் சரிசெய்து, கோடுகளை அழித்து, திரும்ப வருவதை மட்டும் கவனியுங்கள். ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

மிஸ்ஸிங் கோடு: காசில்லாமல் கண்டுபிடிக்கும் வழி

பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே நான்கு வரை. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று நிலையாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம், அப்போது பெட்ரோல் வரத்து, காற்றுக் கசிவு பக்கம் போக வேண்டும்.

பி0301 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே ஒரு காயில் தனியாக உட்கார்ந்திருக்கும். ஒன்றாம் சிலிண்டர் பெரும்பாலும் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கம். இன்ஜின் ஆறியபின் ஒன்றாம் காயிலின் கப்ளரைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். குழிக்குள் டார்ச் அடித்துத் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் இருந்தால் வால்வு மூடியின் கேஸ்கட் கசிகிறது. சுத்தமாக இருந்தால் ஒன்றாம் காயிலை இரண்டிலும், இரண்டாம் காயிலை ஒன்றிலும் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஒரு இருபது நிமிடம், முடிந்தால் கொஞ்சம் ஏற்றமும் சேர்த்து, ஓட்டுங்கள். காயில் சோர்ந்திருந்தால் இழுவை கொடுக்கும்போதுதான் தெரியும்.

இப்போது பி0302 என்று வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, காயில்தான் குற்றவாளி. ஒன்று மட்டும் வாங்கினால் போதும். மறுபடியும் பி0301 என்றே வந்தால் அதே முறையில் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிளக்கை முதலில் கையால் சுற்றி இறக்குங்கள், பிறகே ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால் வேலை பெரிதாகிவிடும். பிளக் மாற்றியும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும்தான் மிச்சம், அங்கே மெக்கானிக் வேண்டும். ஆனால் நீங்கள் அவரிடம் ‘காயிலும் பிளக்கும் மாற்றிப் பார்த்துவிட்டேன், கோடு ஒன்றிலேயே நிற்கிறது’ என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியம் உங்களுக்கு அரைநாள் லேபர் மிச்சம்.

அடிக்கடி வரும் வேறு சில கோடுகள்

பி0420: கன்வெர்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிறது. இதைக் கேட்டதும் கன்வெர்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு இது. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு இருந்தாலும், அந்தச் சென்சாரே தளர்ந்திருந்தாலும் இதே கோடு வரலாம். இதோடு மிஸ்ஸிங் கோடும் இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

பி0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆப்பில் ‘ஃப்யூயல் டிரிம்’ பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் எண் அது. காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில், ஐடிலிங்கில் இந்த எண் மிக அதிகமாகவும் 2500 ஆர்பிஎம்மில் இயல்பாகவும் வந்தால் எங்கோ ஹோஸ் வெடித்துக் காற்று புகுகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிக்காரர்களுக்கு டிபிஎஃப் தான் பெரிய தொல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 கட்டாயமான பிறகு வந்த டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் இந்த ஃபில்டர் இருக்கிறது. அது நல்ல சூட்டில்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையிலேயே தினமும் ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடு வரவே வராது. டிபிஎஃப் லைட் மட்டும் எரிந்தால், நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய், அங்கிருந்து நான்குவழிச் சாலையில் வள்ளியூர் பக்கம் அறுபதுக்குக் குறையாத ஒரே வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள், ஒரு கியர் குறைவாகவே வைத்து. உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் வேகமும் நேரமும்தான் இதில் கடைசி வார்த்தை. டிபிஎஃப் லைட்டோடு செக் இன்ஜின் லைட்டும் சேர்ந்து எரிந்து இழுவையும் குறைந்துவிட்டால் இந்த ஓட்டம் உதவாது, ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் பேச வேண்டியது

ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள், எப்போது எரிந்தது, மழையா, ஏற்றமா, ஏசி ஓடியதா என்று சொல்லுங்கள். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், “அண்ணே, வயரும் கப்ளரும் செக் பண்ணியாச்சா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், மல்டிமீட்டரை வைத்தே காட்டுவார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் லைட் எரிகிறதே என்று மீட்டரில் பல்பை எடுத்துவிட்டு வண்டியை விற்பதும் உண்டு. பழைய கார் வாங்கும்போது சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் அந்த வண்டியில் எதையோ மறைத்திருக்க வாய்ப்பு உண்டு.

கோடை அழிப்பதும் சரிபார்ப்பதும்

வேலை முடிந்த பிறகே ஆப்பில் கோடை அழியுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி அழிக்கும் பழைய வழக்கம் வேண்டாம், பல வண்டிகளில் இன்ஜின் கற்றுவைத்திருக்கும் பெட்ரோல் அளவுகளும் சேர்ந்து போய், சில நாள் ஐடிலிங் தடுமாறும். அழிக்காமல் விட்டாலும் பொதுவாக மூன்று முறை தொடர்ச்சியாகக் கோளாறில்லாமல் ஓடினால் லைட் தானே அணையும். கோடு நினைவிலிருந்து நீங்க இன்ஜின் நாற்பது முறை குளிர்ந்து சூடாக வேண்டும்.

அழித்த உடனே லைட் இல்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும், பல கோளாறுகளை இரண்டு ஓட்டத்தில் பார்த்தால்தான் லைட்டைப் போடும். காலையில் குளிர்ந்த இன்ஜினோடு கிளம்பி, கொஞ்ச நேரம் ஊருக்குள், பிறகு ஒரே வேகத்தில் நீண்ட சாலையில், நடுவில் சிக்னலில் நின்று என்று கலந்து நான்கைந்து நாள் ஓட்டுங்கள். பிறகு ஆப்பில் ‘பெண்டிங்’ (இன்னும் லைட் போடாத கோடுகள்) பக்கத்தையும் ‘ரெடினஸ்’ (சோதனைகள் முடிந்தனவா) பக்கத்தையும் திறங்கள். எல்லாச் சோதனையும் முடிந்ததாகக் காட்டி, பெண்டிங்கில் ஒன்றும் இல்லையென்றால் கோளாறு தீர்ந்துவிட்டது. என் காரில் அந்த வயரை ஒட்டவைத்த பிறகு இப்படி ஐந்து நாள் பார்த்தேன். பி0135 திரும்ப வரவில்லை. எலிக்கு மட்டும் ஷெட்டில் கூண்டு வைத்திருக்கிறேன்.